குடைக்குள் இழுத்த குழாய்

மூணாறுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அன்று வார அரிசி போடும் நாள். வரிசையில் எனக்கு முன்னால் கங்காணியின் பெண்சாதியும் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியும் நின்றார்கள்.

"துரை குடுத்த போட்டோவுல எங்க வீட்டுக்காரரும் கொழுந்து எடுக்கிற மாரியும் ஒரே குடைக்குள்ள நிக்காக" என்றாள் கங்காணியின் பெண்சாதி, வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல.

"அண்ணங்கிட்ட கேட்டியளாக்கா?"

"கேட்டேன். துரை பங்களா வராந்தாவுல இருந்துகிட்டு, கேமராவுல முழ நீளத்துக்கு ஒரு குழாயை மாட்டி எதுத்த மலையைப் படம் புடிச்சாராம். மாரி கீழ்க்காட்டுல கொழுந்து எடுத்தாளாம், இவுக மேல்காட்டுல குடையோட நின்னாகளாம். தூரத்துல தனித்தனியா நிக்கிறதை அந்தக் குழாய் ஒண்ணா ஒட்டிக் காட்டிருமாம்."

"அது நெசந்தான்க்கா. பங்களா சமையக்காரரும் அப்படித்தான் சொன்னாரு."

"நானும் நம்பிட்டேன்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"ஆனா படம் புடிச்ச அன்னைக்கு விட்டு விட்டுத் தூறல். காட்டுல நின்ன எல்லாரும் மழைக்குத் தலையில போட்டிருந்த கம்பளியும் பிழியப் பிழியத் தண்ணி கொட்டுச்சு. மாரி கம்பளி மட்டும் நனையவே இல்ல. அந்தக் குழாய் மழையையும் தடுக்குமான்னு, சோத்துச் சட்டியைக் கையில வச்சுக்கிட்டே கேட்டேன்."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"இன்னும் சொல்லல. நானும் இன்னும் சோறு போடல."

அவள் முறை வந்தது. அரிசி அளப்பவரிடம் பையை நீட்டினாள்.

"இந்த வாரம் ஒரு ஆளுக்கு அளந்தாப் போதும்."