நாலாவது காலுக்குச் சைபர்

— சைபர்னா பாரமே இல்லைன்னுதானே அர்த்தம், அப்புறம் சாரத்துக்கு அந்தக் கால் எதுக்கு, கழட்டுங்கறாரு மேஸ்திரி. மாட்டேன்னேன். நாளைலேருந்து வராதேன்னுட்டாரு, அக்கா.

— யாரு சைபர்னு சொன்னது?

— நீ எழுதின கம்ப்யூட்டர் பேக்கேஜ்தான். எங்க சைட் ஆபீஸ்ல சாரத்துக்குக் கணக்குப் போடுறதே அதுலதானே. மேடைக்கு நாலு கால். மூணுக்குப் பாரம் காட்டுது, நாலாவதுக்குச் சைபர். இந்தா, போட்டோ.

— இது என் கணக்கே இல்லைடா. நாலு கால் மேடைக்கு மூணு சமன்பாடுதான் கிடைக்கும். மூணை வெச்சு நாலைக் கண்டுபிடிக்க முடியாது. என்னுது அங்கயே நின்னுடும். விடை சொல்ல முடியாது, ஒரு காலை அளந்து கொடுன்னு கேக்கும்.

— போன மாசம் வரைக்கும் கேட்டுச்சே. நாங்களும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே ஜாக்கி வெச்சு அளந்து கொடுத்தோம்.

— எல்லாம் எங்க சீனியர் பண்ணின வேலை. ஒரே ஃபைல்ல கிடந்ததைப் பாத்துக் குப்பைன்னாரு. வெக்டருக்கு ஒரு ஃபோல்டர், மேட்ரிக்ஸுக்கு ஒண்ணு, சமன்பாட்டுக்கு ஒண்ணுன்னு எழுபது ஃபைலாப் பிச்சுப் போட்டாரு. நீயே சொல்லு, நியாயமா? மூணு வருஷம் ஒத்தையா உக்காந்து எழுதினவ நான்.

— அடுக்கினா என்ன தப்பு? பைப்பு ஒரு பக்கம், கிளாம்ப்பு ஒரு பக்கம்னு நாங்க அடுக்கலையா?

— அடுக்கட்டும். கணக்குக்கு நடுவுல எச்சரிக்கைக்கு என்ன வேலைன்னு, அளந்து கொடுன்னு கேக்கற அந்த நாலு வரியைத் தூக்கித் தனி ஃபோல்டர்ல போட்டுட்டாரு. இப்ப கணக்கு ஓடும்போது அந்த வரிங்களைக் கூப்பிடுறதே இல்லை. தெரியாத இடத்துலல்லாம் தானா சைபர் விழுது.

— தெரியாதுங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணா? பத்தாவது தாண்டாத எனக்கே உறைக்குது. அந்த மேடைல எட்டுப் பேரு நின்னு கல்லு ஏத்துறான்.

— அந்த மனுஷனைக் கொண்டுபோய் உங்க மேடை மேல ஒரு நாள் நிறுத்தணும். அப்பத் தெரியும்.

— அதெல்லாம் அப்புறம். மத்தியானம் வேற ஆளை வெச்சுக் கழட்டப்போறாங்க. இந்தச் சைபரை நம்பாதீங்கன்னு உங்க கம்பெனி பேர்ல இப்பவே ஒரு மெயில் போடு. கால் தப்பிக்கும், என் பொழப்பும் தப்பிக்கும்.

— போடறேன். எங்க மேலிடத்துக்கும் சேத்தே போடறேன். யார் தலை உருளுதுன்னு பாரு.

— உங்க சீனியர் ஒத்தை ஆளா மாத்திட முடியுமா? எங்ககிட்டக் கட்டினவனே சரின்னா செல்லாது. இன்னொருத்தன் ஏறி, ஆட்டிப் பாத்து, கையெழுத்துப் போடணும். உங்க ஆபீஸ்ல அதெல்லாம் கிடையாதா?

— இருக்கு.

— அப்ப அந்த ஆளைப் பிடி முதல்ல. கண்ணை மூடிக்கிட்டா கையெழுத்துப் போட்டான்?

— கண்ணைத் திறந்துக்கிட்டுதான்.

— யாருக்கா அது?

— எழுபது ஃபைலையும் ஒண்ணு விடாம திறந்தேன்டா. மேல, எழுதினது யாருங்கற இடத்துல என் பேர் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு, சரின்னு போட்டுட்டேன்.