பளீல் பரிசாரியின் பெட்டி

— மெல்லமாக் கதைங்க, றுஸ்தா புள்ள. அந்த நீலப் பம்பு ஒண்டு தாங்க.

— மூச்சு முட்டுக்கு இழுக்கிற பம்பா? ஆருக்கு, பளீல் பரிசாரியாரே?

— மருமகனுக்கு.

— மருமகன் கட்டார்ல. அவருக்கு முட்டு வந்தா உங்கட நெஞ்சா கீச்சுக் கீச்செண்டு கத்தும்?

— ஏலாம இரிக்கி, மகள்... வேற பாமசிக்குப் போக... மூச்சுப் பத்தாது.

— அப்ப இந்தா, உங்கட கருஞ்சீரக எண்ணெய். உங்கட படமும் ஒட்டியிரிக்கி, சிரிச்ச முகம். நெஞ்சுல தடவி, தேனும் குடிச்சி, நாப்பது நாள். என்ட தங்கச்சி நஜ்லாக்கு நீங்கதானே சொன்னீங்க?

— எண்ணெய் நல்லம்தான், புள்ள...

— நல்லம்தான். மணமும் தங்கம். நான் எண்ணெயக் குறை சொல்லல்ல. "பம்பு இழுக்கிறவளுக்கு அல்லாஹ்வில ஈமான் பத்தாது, பம்ப என்ட வாசல்ல இரிக்கிற பெட்டியில போட்டுட்டுப் போ" எண்டீங்களே, அதத்தான் சொல்றன். போட்டுட்டு வந்தாள். பதினோராம் நாள் விடிய சுபஹுக்கு அவளக் கடைசியாக் குளிப்பாட்டினம்.

— அது அல்லாஹ்ட நாட்டம்...

— உங்கட முட்டும் அவன்ட நாட்டம்தானே? இஞ்ச ஏன் வந்தீங்க?

— அல்லாஹ்வுக்காக, மகள்...

— தாறன். இந்தா கையில இரிக்கி. ஆனா கடைக்குள்ள இழுக்கேலா. வெளிய கதிரை கிடக்கு, கல்முனை பஸ்ஸுக்குச் சனம் நிக்கிற இடம். அதுல இரிந்து இழுக்கணும்.

— ஊரே பாக்குமே! அந்தத் திரைக்குப் பின்னால...?

— ஏலா.

— ஆட்டோக்குள்ள? ரெண்டு இழுவை...

— ஒரு இழுவையும் ஏலா.

— துவாயால முகத்த மூடிக்கிட்டு?

— அந்தத் தாடிக்குத் துவாய் காணாது. கதிரை, பரிசாரியார். இது விலை பேசுற கடையில்ல.

— சரி... சரி... இரிந்திட்டன். தாங்க!

— இந்தாங்க. ஹவ்வா உம்மா, பஸ் இன்னம் வரல்ல, இஞ்சால திரும்பிப் பாருங்க! உங்கட பரிசாரியார் மருந்தெடுக்காரு!

— ...அல்ஹம்துலில்லாஹ்.

— பழகின கையா இரிக்கே! நான் சொல்ல முதல் குலுக்கி, மூச்ச வெளிய விட்டு, இழுத்து, புடிச்சி வெச்சிரிக்கீங்க. எத்தின வருசம்?

— ...ஒம்பது.

— ஒம்பது வருசம்! இந்தப் பக்கத்துப் பாமசிக்காரர் எல்லாரையும் எனக்குத் தெரியும். ஒருத்தரும் உங்களுக்குப் பம்பு வித்ததாச் சொல்லல்ல. எங்க வாங்கினீங்க?

— வாங்கல்ல.

— வாங்காம?

— பெட்டியில... வாறவங்க போட்டுட்டுப் போனது. ஒண்டு முடிய ஒண்டு.

— ...நஜ்லாடயுமா?

— அவள்ட மவுத்துக்குப் புறகு ஒருத்தரும் பெட்டியில போடல்ல, மகள். அவள்டதான் கடைசி. நேத்துத்தான் முடிஞ்சது.