கண்மணி விரியக் கேட்டவர்

நான் வாயைத் திறந்தால் என் மனைவி பங்கஜம் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். "ரீல் சுத்த ஆரம்பிச்சிட்டீங்களா?" என்பாள். என் கதை ஒன்றைக்கூட அவள் முழுதாகக் கேட்டதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

எழுபத்தொன்பதில் வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில், காது பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். உற்றுக் கேட்டால் மனசு உழைக்கும். மனசு உழைத்தால் கண்மணி, அதாவது கருவிழி நடுவில் இருக்கும் கறுப்புப் பொட்டு, விரியும். அதைப் படம்பிடித்து, பிலிமில் அளந்து டாக்டரிடம் சொல்வது என் வேலை.

ஷபீ அஹமது ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டி கழுவ இறங்கி, விஷவாயு அடித்து விழுந்தவர். விரல்கூட அசையாது. மூக்குக் குழாயில் கஞ்சி. கண் மட்டும் திறந்திருக்கும். காது கேட்கிறதா, நினைவு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் பாடப்புத்தகம் போல, "மரத்தில் மாம்பழம் உள்ளது" என்று வாசித்தார். கண்மணி அப்படியே இருந்தது. டாக்டர் போனதும் நான், "பாய், காவேரிப்பாக்கம் ஏரியில மீன் புடிச்சேன், வால் ஆற்காட்டுல கெடந்துச்சு" என்றேன். எட்டணா அளவுக்கு விரிந்தது.

வராந்தாவில் அவர் மனைவி ஜஹீதா நின்றிருந்தாள். "அண்ணா, அவருக்குக் காது கேக்குதா? கேக்குதுன்னா பசங்களக் கூட்டியாந்து பேச வைக்கிறேன்."

ஆமாம் என்றால் மேல்வைத்தியத்துக்கு அவரை மறுநாளே மெட்ராஸுக்கு அனுப்பிவிடுவார்கள். "இல்லம்மா" என்றேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன்.

பிறகு தினமும் சாயங்காலம் அவருக்குக் கதைதான். பாலாற்றில் நான் முதலை மேல் சவாரி போனது, கோட்டை மதிலை ஒரே தாவில் தாண்டியது. அவர் கண்ணில் தண்ணீர் வழியும். சிரிக்க முடியாதவர், பாவம், வேறெப்படிச் சிரிப்பார்?

நினைவே இல்லாதவருக்குக் குழாய் எதற்கு, எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்று டாக்டர் சொல்வார் என நான் எதிர்பார்க்கவில்லை. ஜஹீதா என் காலைப் பிடித்தாள். "இன்னொரு தபா பாருங்கண்ணா. என்னைத்தான் பாக்குறாரு, எனக்குத் தெரியும்."

பார்த்தேன். அவள் குரலுக்கே விரிந்தது. இப்போது மாற்றிச் சொன்னால் முதலில் ஏன் மறைத்தாய் என்பார்கள், வேலை போய்விடும். "ஒண்ணுமில்லம்மா. மனசைப் பேஜார் பண்ணிக்காதே" என்றேன்.

கடைசிச் சாயங்காலம் அவர் காதருகே உட்கார்ந்து, "பாய், நாளைக்குக் குழாயை எடுத்துடுவாங்க. அப்புறம் கஞ்சி கெடையாது" என்றேன். என் வாழ்நாளில் துளியும் கூட்டாமல் சொன்ன கதை அது ஒன்றுதான். கருவிழி முழுக்கக் கண்மணியாகிவிட்டது.

என் பேச்சை அவரைப் போல ரசித்துக் கேட்டவர் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.