சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

படப்பை போகும் பஸ்ஸில் முன் சீட்டில் கம்பெனி யூனிஃபார்ம் போட்ட இருவர். பின்னால் நான் பேப்பர் படிப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

"கால் ஒடிஞ்சவன் மேல பொறாமையா கீது மச்சான்," என்றான் ஒல்லியானவன்.

"இன்னாடா பேச்சு இது?"

"சேகருக்குக் கால்ல கட்டு, ஷிப்டே திரண்டு போய்ப் பாக்குது. எனக்கு ஈரல்ல காமாலைக் கிருமி, உள்ளயே தங்கிடும்னாரு டாக்டரு. ஒருத்தனும் வரல. தூக்கமே இல்ல. எதுக்கு இருக்கணும்னு தோணுது."

"வூட்ல தள்ளி வெச்சிட்டாங்களா?"

"நானே தள்ளிகினேன். கூட சாப்ட்டா ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லியும் மனசு கேக்கல. கம்பெனில ரிஜெக்ட் பீஸுக்கு வெக்கிற சிவப்புப் பெயிண்ட்ட எடுத்தாந்து என் டம்ளருக்குப் புள்ளி வெச்சேன்."

"உன் சம்சாரம் இன்னா சொல்லிச்சி?"

"காலைல பாத்தா வூட்ல கீற அத்தினி டம்ளருக்கும் புள்ளி வெச்சிட்டா. இப்ப என்னுது எதுன்னு எனக்கே தெரில."

"ஞாயித்துக்கெழம வரேன். அதுல ஒண்ணுல எனக்கும் டீ குடு."

எங்கள் வீட்டில் என் டம்ளருக்குப் புள்ளியே தேவையில்லை; யாரும் அதைத் தொடுவதில்லை. இறங்கும்வரை அந்த ஒல்லியானவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.