காணாமல் போன வேண்டாம்

அப்பா: சோபாவுக்கு அடியில பாத்தாச்சு, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடியும் பாத்தாச்சு. குட்டியோட மத்த பட அட்டையெல்லாம் சுவத்துல சமத்தா ஒட்டிக்கிட்டிருக்கு. இந்த ‘வேண்டாம்’ மட்டும் கால் முளைச்சு எங்க போச்சு?

அம்மா: எனக்கென்ன தெரியும்? இந்த வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேனா?

அப்பா: கேட்டா கோவம் வேற. பேச்சுப் பயிற்சி டீச்சர் இப்ப வந்து நிப்பாங்க. மொதல்ல சுவத்தத்தான் பாப்பாங்க.

அம்மா: ஸ்கூல் பையில இன்னொண்ணு இருக்குல்ல, அதை எடுத்து ஒட்டுங்க.

அப்பா: பையை விடு. சுவத்துல இருந்தது எங்க?

அம்மா: டீச்சர் சுவத்தப் பாக்க மாட்டாங்க. குட்டியோட கையத்தான் பாப்பாங்க. மருந்து போட்ட எடத்துலயே மறுபடியும் கடிச்சு வெச்சிருக்கா. தோல் பிஞ்சு… நல்லாத்தானே இருந்தா? ஏழு வயசாகியும் பேச்சு வரல, படம் போட்ட அட்டையையாவது எடுத்து நீட்டக் கத்துக்கிட்டாளேன்னு இப்பதானே மூச்சு விட்டோம்? யார் கண்ணு பட்டுதோ.

அப்பா: கண்ணாவது ஒண்ணாவது. நீ சோப்பை மாத்தின, அன்னிலேருந்துதான்.

அம்மா: ஆமா, இன்னிக்கு என் சோப்பு. நேத்து மிக்சி சத்தம்னீங்க, முந்தாநேத்து புது சாக்ஸ்னீங்க. நாளைக்கு என் மூஞ்சிதான் காரணம்பீங்க.

அப்பா: அப்போ நீயே சொல்லேன், வேற என்ன?

அம்மா: தெரிஞ்சா சொல்ல மாட்டேனா… ஒரு அட்டை இல்லேன்னா இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? பால், தண்ணி, ஊஞ்சல், எல்லாம் இருக்குல்ல?

அப்பா: என்ன பேசற நீ? வேணும்னு மட்டும் சொல்லிட்டு, வேண்டாம்னு சொல்ல அவ…

அம்மா: அது ஒண்ணத்தானே நீட்டினா? தலை வாரப் போனா நீட்டுவா. குளிக்க வெச்சா நீட்டுவா. நீட்டினா உடனே நிறுத்தணும், இல்லேன்னா அவ அட்டையை நம்ப மாட்டான்னு டீச்சர் சட்டம் வேற. பாதித் தலை வாரி, பாதி சோப்போட நிக்கிற பொண்ண வெச்சுக்கிட்டு நான் படற பாடு டீச்சருக்குத் தெரியுமா?

அப்பா: மெதுவா பேசு, முழிச்சுக்கப் போறா.

அம்மா: போன வாரம் முத்தம் குடுக்கக் குனிஞ்சேன். மூஞ்சிக்கு நேரா நீட்டினா. பெத்தவ முத்தமே வேண்டாமாம்.

அப்பா: இரு, இரு. அப்போ நீதான் அதை…

அம்மா: அலமாரியில, என் துணிக்கு அடியில இருக்கு.

அப்பா: அடிப்பாவி. இவ்வளவு நேரம் என்னைத் தரையில தவழ விட்டு வேடிக்கை பாத்தியா?

அம்மா: திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. ஆனா நான் ஒண்ணும் அவ வாயைப் பொத்திடல. பை அவ கைக்கெட்டற எடத்துலதான் தொங்குது. ரொம்ப முடியலேன்னா அதுல இருக்கறத எடுத்து நீட்டிக்கட்டும்னுதான்… என்ன, வண்டிச் சாவியை எடுக்கறீங்க? ஏங்க… கையைக் கடிக்கிறது இதனாலயா இருக்குமோ? சேச்சே. அதான் பையில ஒண்ணு இருக்கே.

அப்பா: தினம் காலையில வேன் வந்ததும் அதை எடுத்து நீட்டினா. நீட்டினா நிறுத்தணும்… வேன் டிரைவர் ஹாரன் மேல ஹாரன் அடிப்பாரு, எனக்கு வேலைக்கு நேரமாகும். ரெண்டு வாரமா அந்தப் பை அட்டை என் வண்டி டிக்கியிலதான் கெடக்கு. சுவத்துல ஒண்ணு இருக்கேன்னு நெனச்சுத்தான் நானும் எடுத்தேன்.