இருபத்தெட்டுப் பல்லு

தம்பி தம்பி, அதைத் தொடாதீங்க. பின்சக்கரத்துல இருக்கிற அந்தப் பல்சக்கர அடுக்கை மாத்தினீங்கன்னா அவரு மொதப் பார்வையிலயே கண்டுபிடிச்சிடுவாரு. வாரா வாரம் அதைத்தான் பழைய டூத் பிரஷ்ஷை வச்சு ஒவ்வொரு தட்டாக் குடைஞ்சு குடைஞ்சு சுத்தம் பண்றாரு. முன்னாடி, பெடலோட சேர்ந்து சுத்துதே பல்சக்கரம், அதை மட்டும் மாத்துங்க. அதுக்கு ஒரு துணி, ஒரு இழுப்பு, அவ்ளோதான் மரியாதை. இப்ப இருக்கறது முப்பத்திநாலு பல்லு. எனக்கு இருபத்தெட்டு வேணும். எனக்குன்னா, எங்க வீட்டுக்காரருக்கு.

இல்ல, அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அதுக்குத்தானே அவரு கிளினிக்குக்குக் கிளம்பின கையோட, நீங்க ஷட்டரை முழுசாத் தூக்கறதுக்குள்ள குனிஞ்சு உள்ள வந்தேன். மேடம் எல்லாம் வேணாம் தம்பி, அக்கான்னே கூப்பிடுங்க. மேடம்னு சொன்னா யாரோ என்கிட்ட எதையோ விக்க வந்த மாதிரி இருக்கு.

அவரைத் தெரியுமா உங்களுக்கு? பல் டாக்டர். ஆங், அவரேதான், மருந்துக் கடைக்கு மேல மாடியில. உங்க கடைவாய்ப் பல்லை எடுத்தாரா? வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லியிருப்பாரே. சொல்லுவாரு, அவருக்கு வலிக்காதில்ல. ஊர்ல அத்தனை பேரையும் வாயைத் தொறக்கச் சொல்லி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுற மனுஷன், தன் சைக்கிள்ல எத்தனை பல்லுன்னு இன்னி வரைக்கும் எண்ணிப் பார்த்ததில்ல. சக்கரத்து மேல முப்பத்திநாலுன்னு குத்தியிருக்கு, அது போதும் அவருக்கு. அந்த நம்பரைப் பார்க்கறப்போ முகத்துல ஒரு பெருமை வரும் பாருங்க, எங்க கல்யாண ஆல்பத்துல கூட அப்படி ஒரு முகம் கிடையாது.

அவரே வந்து கேட்டு மாத்திக்கலாமேன்னா? எப்படிக் கேப்பாரு? தன் வாயாலயே கெடுத்துக்கிட்டாரே! மருந்துக் கடைக்காரரு இருக்காரில்ல, அவரும் ஞாயித்துக்கிழமையானா இவர்கூட சைக்கிள்ல மலை ஏறுறவருதான். போன வருஷம் நைசா ஒரு முப்பது பல்லு மாட்டிக்கிட்டு வந்தாரு. இவரு சும்மா இருக்கணுமா இல்லியா? குனிஞ்சு பார்த்துட்டு, என்னய்யா பால் பல்லு மொளைச்சிருக்குன்னு கேட்டுட்டாரு. அன்னியிலேர்ந்து அந்தக் கூட்டத்துல அந்த மனுஷனுக்குப் பேரே பால் பல்லு. போன்ல கூட அப்படித்தான் பதிஞ்சு வச்சிருக்காரு. இப்ப என்னாச்சுன்னா, பால் பல்லு ஜம்முனு உக்காந்த மேனிக்கு ஏறிப் போயிடுது. எங்க வீட்டு வைரம் பாய்ஞ்ச பல்லு மூணாவது வளைவுல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகுது.

போன ஞாயித்துக்கிழமை கூத்தைக் கேளுங்க. கல் குவாரிக்குப் பின்னாடி ஏறுற பாதை தெரியுமில்ல? அதுல அதே மூணாவது வளைவுல, சொல்லி வச்ச மாதிரி, பக்கவாட்டுல சாஞ்சு புதருக்குள்ள போயிட்டாரு. அது கூடப் பரவாயில்ல. உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பால் பல்லு, பாவம்னு திரும்ப நடந்து இறங்கி வந்து, கை குடுத்துத் தூக்கி விட்டு, மூடியைத் தொறந்து தண்ணி பாட்டிலை நீட்டியிருக்காரு. மூடியைத் தொறந்து தம்பி! அதைத்தான் இவரால தாங்க முடியல. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில கையை ஊனிக்கிட்டு ஒரு சபதம். வர்ற ஞாயித்துக்கிழமை என் கால் தரையில பட்டுதுன்னா, இந்தச் சைக்கிள் இந்த வீட்ல இருக்காதுன்னு. நானும் சரிதான், கோவத்துல பேசறாருன்னு சாம்பார்க் கரண்டியை வச்சுட்டு எழுந்துட்டேன். மறுநாளே கிளினிக்ல எக்ஸ்ரே எடுக்கிறவர்கிட்ட சொல்லி வச்சுட்டாரு, அடுத்த திங்கக்கிழமை சாயங்காலம் வந்து ஓட்டிட்டுப் போங்கன்னு. அந்த ஆளு வேற நேத்து வந்து டயரை அமுக்கிப் பார்த்துட்டுப் போறாரு. அது போகக் கூடாது தம்பி.

ஏன்னா? என்ன தம்பி ஏன்னு கேக்கறீங்க. சைக்கிள் போயிடுச்சுன்னா ஞாயித்துக்கிழமை முழுக்க மனுஷன் வீட்ல இருப்பாரே! இருந்தா சும்மா இருப்பாரா? போன தடவை முழங்கால் பிடிச்சுக்கிச்சுன்னு மூணு வாரம் இருந்தாரு. உப்பு டப்பா மேல உப்புன்னு சீட்டு ஒட்டினாரு. இருபத்திரெண்டு வருஷமா எனக்கு எது உப்புன்னு தெரியாமத்தான் குப்பை கொட்டிக்கிட்டு இருந்தேன் பாருங்க.

முப்பதே போதுமா? ஆளு எடைக்கும் கால் பலத்துக்கும் முப்பது போதும்ங்கறீங்க, பின்னாடி பெரிய தட்டுல நாப்பத்தாறு பல்லு இருக்கறதால. நீங்க போடற கணக்கு சரிதான், தார் ரோட்டுக்கு. அந்தப் பாதைக்கு வந்து பாருங்க. மொத வளைவு சும்மா, பேசிக்கிட்டே ஏறலாம். ரெண்டாவதுல குறுக்க மூணு வேரு ஓடுது, மழை பேஞ்சா மூணும் சோப்பு. மூணாவதுலதான் அந்தப் பாறை. உயரம் ஒண்ணும் இல்ல, ஒரு சாண். ஆனா சரியா மூச்சு முட்டுற எடத்துல, திரும்புற எடத்துல வந்து உக்காந்திருக்கு. முப்பத்திநாலுல போனா கால் அங்க செத்துடும். வேற வழியில்லாம எழுந்து நின்னு மிதிப்போம். எழுந்து நின்னா பின்சக்கரத்து மேல பாரம் இருக்காது, அது மண்ணைப் பறிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே சுத்தும். சரின்னு பின்னாடி உக்காந்தா முன்சக்கரம் எகிறிடும். சீட்டு மூக்குக்கு நகர்ந்து உக்காந்து, நெஞ்சை ஹேண்டில்பார் மேல சாய்ச்சு, காலை நிறுத்தாம ஒரே சீரா சுத்திக்கிட்டே வந்தாத்தான் பாறை கீழ போகும். அதுக்கு முப்பது பத்தாது தம்பி. பாறைகிட்ட வர்றப்போ நெஞ்சுல கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்கணும், அதான் விஷயமே.

எனக்கு எப்படியா? நல்லாக் கேட்டீங்க. ஒண்ணரை வருஷமா ஞாயித்துக்கிழமை மத்தியானமெல்லாம் இதே பாடம்தானே. கரண்டியைப் படுக்க வச்சு இதுதான் வேருன்னுவாரு, தயிர்க் கிண்ணத்தைக் கவுத்து இதுதான் பாறைன்னுவாரு. பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம்.

இருபத்தாறா? சேச்சே, அது வேணாம். கால் பரபரன்னு சுத்தும், வண்டி எங்க நகரும்? நடக்கறதை விட மெதுவாப் போனா நேரா நிக்கவே முடியாது, சாஞ்சிடுவோம். இருபத்தெட்டுதான். நான் நல்லா யோசிச்சுட்டேன்.

டயர் சேறா? அது ஞாயித்துக்கிழமை சேறுதான். ஈரமாவா இருக்கு? இன்னிக்கு வியாழன்தானே... எங்க வீட்டுப் பின்பக்கம் வெயிலே படாது தம்பி. அவரு வாரா வாரம் கழுவுறாருதான், நான் இல்லேன்னா சொன்னேன்? அந்த அடுக்கைக் கழுவுறாரு. டயரை யாரு கழுவுறா?

என் முழங்கையா? பீரோ கதவு. ரெண்டு முழங்கையும்தான். ரெண்டு கதவு பீரோ. நீங்க வேலையைப் பாருங்களேன்.

சின்னதா இருக்கறது கண்ணுல படாதான்னா, அதுக்கும் வழி வச்சிருக்கேன். அதோ ஆணியில தொங்குதே, வட்டமா ஒரு பிளாஸ்டிக் கவசம், கல்லு இடிக்காம இருக்கறதுக்கு. அதை வெளிப்பக்கமா மாட்டிடுங்க. அது முப்பத்திநாலு அளவுக்கு இருக்கில்ல? ஆச்சு, உள்ள இருக்கற பல்லு யாருக்குத் தெரியும். அவரு கேட்டா, வாசல் படியில இடிச்சுச் சக்கரம் வளைஞ்சுடும்னு நான்தான் மாட்டச் சொன்னேன்னு சொல்லிக்கறேன். அந்த இருபத்தெட்டுங்கற நம்பரை மட்டும் அரத்தால ரெண்டு ராவு ராவிடுங்க. முப்பத்திநாலுன்னு பொறிக்க முடியுமா? முடியாதா? சரி விடுங்க, அது கொஞ்சம் அநியாயம்தான்.

சமதளத்துல வேகம் குறையும்னு எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. சமதளத்துல அவரு பக்கத்துல வர்றவங்களுக்குப் பல்லு விளக்கறது எப்படின்னு பாடம் எடுத்துக்கிட்டே போவாரு. இறக்கத்துல பிரேக்குலதான் கை. இவரு என்னிக்கு வேகமாப் போயிருக்காரு, குறைஞ்சது தெரியறதுக்கு?

செயின்ல ரெண்டு கண்ணி எடுக்கணுமா? எடுங்க எடுங்க. முன்னாடி சின்னதானா அது தொங்கும்தானே. தொங்கினா பாதி ஏத்தத்துல கழண்டுக்கும், அந்தக் கண்ணராவி வேணாம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் தம்பி. அவரு என்னிக்காவது இந்தப் பக்கம் வந்து, என் சைக்கிளை யாராவது கொண்டு வந்தாங்களான்னு கேட்டா, எண்ணெய் போட்டேன்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல பேச்சு வளர்த்தாருன்னா வாயைத் தொறந்து காட்டிடுங்க. எண்ண ஆரம்பிச்சுடுவாரு, மத்ததெல்லாம் மறந்துடும்.

அடேங்கப்பா, முடிஞ்சுதா? எங்க, சுத்துங்க. ஆகா. எவ்ளோ லேசாப் போகுது பாருங்க. கையாலயே சுத்தலாம் போல இருக்கே. இன்னொரு தடவை சுத்துங்க.

சீட்டா? ஆமா, அந்தக் கம்பியில ரெண்டு அடையாளம் இருக்கும். மேல ஒட்டியிருக்கறது கறுப்பு டேப்பு. கீழ சின்னதா ஒரு சிவப்புக் கோடு இருக்கு பாருங்க, நகப்பாலிஷ். அந்தச் சிவப்புல நிறுத்துங்க. அவரு உயரத்துக்கு அது தாழ்வுதான். தெரியும். அவருக்குத் தாழ்வுதான்.

வேன் எல்லாம் வேணாம் தம்பி, எதுக்கு உங்களுக்குச் சிரமம். வீட்டுக்கு இப்ப யாரு போறா?

என்ன அப்படிப் பார்க்கறீங்க? ஒரு வியாழக்கிழமை துணி காயப்போடப் போனேன், இந்தச் சைக்கிள் குறுக்க நின்னுச்சு. நகர்த்தலாம்னு பிடிச்சேன். பிடிச்சவ ஏறி உக்காந்துட்டேன். சின்ன வயசுல எங்க அண்ணன் சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டவதானே, எங்க மறக்கும்? அன்னிக்கு வீட்டு கேட்டு வரைக்கும். அடுத்த வாரம் தெருமுனை வரைக்கும். அப்புறம் செவ்வாயும் சேர்ந்துக்கிச்சு. இப்ப ஏழு மாசமா மூணாவது வளைவுல, அவரு விழற அதே எடத்துலதான் நானும் விழறேன். அவரு வலது பக்கம் விழறாரு, நான் இடது பக்கம்.

சொல்லியிருந்தா புதுசா ஒண்ணு வாங்கியே குடுத்திருப்பாரு தம்பி, நல்ல மனுஷன். வாங்கிக் குடுத்துட்டுக் கூடவே வருவாரு. அதான் பயம். எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தாரு, ஒன்பது நாள். பக்கத்துல உக்காந்துக்கிட்டு கிளட்ச்சு, கிளட்ச்சு, இப்ப கிளட்ச்சுன்னு. பத்தாவது நாள் நடு ரோட்ல வண்டியை நிறுத்தி, சாவியை அவரு மடியில வச்சுட்டு இறங்கினவதான். பதினோரு வருஷமாச்சு, இன்னும் தொடல. அந்த மலையில வாரத்துக்கு ரெண்டு காலை, ரெண்டு ரெண்டு மணி நேரம், எனக்கு யாரும் எதையும் சொல்லித் தர்றதில்ல. விழுந்தாலும் நானா விழறேன், எழுந்தாலும் நானா எழறேன். போன செவ்வாய் முன்சக்கரம் பாறை மேல ஏறி நின்னுச்சு தம்பி. பின்சக்கரம்தான் பாக்கி. தனியா நின்னு சத்தம் போட்டுச் சிரிச்சேன், பைத்தியம் மாதிரி. இந்தச் சைக்கிளைப் போய் யாருக்கோ ஓட்டிட்டுப் போகக் குடுத்துடுவேனா?

அவரு ஞாயித்துக்கிழமை ஏறட்டும். ஏறணும். ஏறி வந்து எப்படி ஏறினேன்னு ராத்திரி வரைக்கும் பேசட்டும், நான் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்கறேன், மனசார. ஆனா எங்க ரெண்டு பேர்ல அந்தப் பாறையை மொதல்ல தாண்டினது அவரா இருக்கக் கூடாது. மணி என்ன, ஒன்பதே முக்காலா? ஒரு மணிக்கு சாப்பிட வந்துடுவாரு. கொஞ்சம் தள்ளிக்குங்க தம்பி, இங்கேர்ந்தே ஏறிக்கறேன்.