அம்மா அணைக்கும் டிவி

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள்.

“என்னைக் கண்டாலே எங்கம்மா டிவியை ஆஃப் பண்ணிடறா, சேச்சி” என்றாள் இளையவள். அதற்குமேல் என் காது ஜன்னல் பக்கம் போகவில்லை.

“ஏண்டி?”

“எல்லாம் என் பிஎச்டியாலதான். சீரியல் பாக்கறச்சே பொம்மனாட்டிகள் என்ன பேசிக்கறான்னு எழுதணும். பள்ளுருத்தியில வீடுவீடா ஏறினேன். நான் உள்ள போனதும் டிவியை நிறுத்திட்டு சாயா போடப் போயிடறா. சரி, நம்மாத்துலயே எழுதலாம்னு அம்மா பக்கத்துல ரெக்கார்டரை வெச்சேன்.”

“பேசினாளா?”

“கொட்டித் தீர்த்துட்டா. சீரியல்ல யாரோ அழுதா, இவ எங்கப்பாவைச் சொல்லி அழுதா. எழுதினதை அவகிட்டயே வாசிச்சுக் காட்டினேன். அதான் முறைன்னா கைடு. அம்மா எழுந்து போயிட்டா.”

“கைடு என்ன சொல்றா?”

“நன்னா வந்திருக்காம். அம்மா பேச்சு இன்னும் கொஞ்சம் சேக்கணுமாம்.”

மூத்தவள் பெருமூச்சு விட்டாள். “கேட்டுப் பாரேன்.”

“கேக்கவே வேண்டாம், சேச்சி. நேத்து தலைவலின்னு படுக்கத்தான் ஆத்துக்கு வந்தேன். டிவியை ஆஃப் பண்ணிட்டு, முந்தானையைச் சரிபண்ணிண்டு, நேரா உக்காந்து ‘கேளு’ங்கறா.”